இழுவை வீட்டில் பீர் வடித்தல்: நிலையாமை குறித்த ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வின் தேவை

பீர் அசையாமல் இருந்தால்தான் பீர். கேரவன் அசைந்தால்தான் கேரவன். இந்த இரண்டில் ஒன்றை மற்றொன்றின் வயிற்றில் வைத்து, ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற தம்பதியர் கண்டத்தைச் சுற்றி வருகிறார்கள். காருக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குள் குளியலறை, குளியலறைக்குள் மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாய், பீப்பாய்க்குள் 23 லிட்டர் பீர், இன்னும் பீர் ஆகாத நிலையில். சங்ககால உமணரின் உப்புவண்டியைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்த நம் ஆய்வுலகம், இந்த வண்டியைப் பற்றி ஒரு பக்கமும் எழுதாதது பெருங்குறை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். களைந்தபின் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வியை வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஆய்வு எல்லை: ஆஸ்திரேலியாவை வளைத்துச் செல்லும் சுமார் 14,500 கிலோமீட்டர் நீளமுள்ள ஒன்றாம் எண் நெடுஞ்சாலையும், அதற்கு உள்ளே அடங்கிய பாலைநிலமும். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் எல்லைக்கு வெளியே. குடித்தபின் நிகழும் உரையாடல்களும் எல்லைக்கு வெளியே. அவற்றுக்குத் தனி ஆய்வேடு தேவை.

கருதுகோள்கள் மூன்று. ஒன்று, வண்டி ஈஸ்டைச் சுமந்து செல்கிறது என்பது வெளித்தோற்றம். பயணத் திட்டத்தை வகுப்பது ஈஸ்ட்தான். இரண்டு, பணம் மிச்சமாகிறது என்பது சாக்கு. மூன்று, பீரைக் குடித்துத் தீர்ப்பதால் வண்டியின் பாரம் குறைவதில்லை.

இயல் 2: முன்னோடிகள்

பயணத்தின் நடுவே பீர் வடித்தவர்களில் தலைசிறந்தவர் கேப்டன் ஜேம்ஸ் குக். 1773இல் ‘ரெசல்யூஷன்’ கப்பலை நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டில் நிறுத்தி, அங்கிருந்த ரிமு மரத்தின் கிளைகளையும் மானுகா இலைகளையும் காய்ச்சி, வெல்லப்பாகும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறும் சேர்த்து நொதிக்க வைத்தார். மாலுமிகளை ஸ்கர்வி நோயிலிருந்து காப்பது நோக்கம். நம் ஆய்வுக்கு இதில் இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. முதலாவது, மால்ட் சாற்றைக் கெட்டியாகச் சுண்டவைத்துக் கப்பலில் கொண்டுபோயிருந்தார் என்பது. இன்று கேரவனில் தகர டின்னில் போவது அதே சரக்குதான். இரண்டாவது, நங்கூரம் போட்ட பிறகே அடுப்பைப் பற்றவைத்தார் என்பது. கேப்டனே ஆனாலும் பீருக்காக நிற்கத்தான் வேண்டியிருந்தது.

அடுத்தவர் ஜேம்ஸ் ஜூல். ஆற்றலின் அலகுக்கே பெயர் தந்த இவர், சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1847இல் ஆல்ப்ஸ் மலைக்குத் தேனிலவு போனவர், வெப்பமானியும் கையுமாக அருவியின் உச்சியிலும் அடியிலும் தண்ணீரின் சூட்டை ஒப்பிட முயன்றார். மனைவி என்ன சொன்னார் என்பதை அறிவியல் வரலாறு பதிவு செய்யவில்லை. பீர், பயணம், வெப்பமானி, பொறுமைமிக்க மனைவி ஆகிய நான்கும் ஒருவரிடம் கூடியதால், கேரவன் வடிப்பாளர்களின் குலமுதல்வர் என்ற பட்டம் இவருக்கே உரியது.

டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டையும் மறக்கக் கூடாது. குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளிலிருந்து நம்பத்தகுந்த முடிவை எட்டுவது எப்படி என்று 1908இல் இவர் எழுதிய கட்டுரை, புள்ளியியலின் அடிக்கற்களில் ஒன்று. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்காததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். கேரவனில் வடிப்பவரிடம் இருப்பது எப்போதும் ஒரே ஒரு பீப்பாய். அவருடைய புள்ளியியல் கோசெட்டின் கைக்கும் எட்டாத அளவு சிறியது. ஆயினும் பக்கத்து வண்டிக்காரரிடம் அவர் பேசும் உறுதியைப் பார்த்தால் ஆயிரம் பீப்பாய் கண்டவர் போலிருக்கும்.

கேரவன் பக்கம் ஒரே ஒரு முன்னோடி போதும். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பெயர் பெற்ற ‘வாண்டரர்’, 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவருக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்டது. குதிரை இழுத்தது. குதிரைக்கு அவசரம் இல்லை. இன்றைய காருக்குத்தான் அவசரம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இயல் 3: ஆய்வுப் பொருளும் செய்முறையும்

ஆஸ்திரேலியாவில் வீட்டு பீர் என்றதும் பலர் கை நீளுவது 1862இல் அடிலெய்டில் தாமஸ் கூப்பர் தொடங்கிய கூப்பர்ஸ் ஆலையின் டின்னை நோக்கி. 1.7 கிலோ எடை. உள்ளே ஹாப்ஸ் சேர்த்துச் சுண்டவைத்த மால்ட். மூடிக்கடியில் ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட். பீப்பாயைக் கிருமிநீக்கம் செய்து, டின்னைக் கவிழ்த்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த நீரால் 23 லிட்டருக்கு நிரப்பி, ஈஸ்டைத் தூவி மூடிவிட்டால் மனிதனின் வேலை முடிந்தது. இதற்கு மேல் செய்வதெல்லாம் தலையீடு.

ஒரு வாரம் போல ஈஸ்ட் வேலை செய்யும். வேலை முடிந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லும். பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு இது. நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, தொடக்கத்தில் 1.040க்குப் பக்கத்தில் நிற்பது, சர்க்கரை தீரத் தீர 1.010க்கும் கீழே இறங்கும். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால் பாட்டிலில் அடைக்கலாம். 750 மில்லி பாட்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு சர்க்கரை வில்லைகள் போட்டு மூடி, குறைந்தது இரண்டு வாரம் வைத்தால் வாயு ஏறும். ஆக, டின் திறந்ததிலிருந்து கண்ணாடிக் கோப்பை வரை மூன்று வாரம். பொறுமையற்றவர்களுக்கு இந்த மூன்று வாரம் நெடுங்காலம். ஈஸ்டுக்குப் பல தலைமுறை.

ஈஸ்ட் செய்வது என்ன? ஒரு கிலோ குளுக்கோஸைத் தின்றால் சுமார் 510 கிராம் ஆல்கஹாலும் 490 கிராம் கரியமில வாயுவும் தரும். அந்த வாயு 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 265 லிட்டர் இடத்தை அடைக்கும். மால்ட்டில் உள்ள சர்க்கரையையும் சேர்த்தால் இது ஏறத்தாழ இருமடங்காகும். ஆறு மீட்டர் நீள கேரவனின் உள்வெளி சுமார் 27,000 லிட்டர். ஒரு வாரத்துக்குள் ஈஸ்ட் விடும் மூச்சு, தம்பதியர் இருவரும் சேர்ந்து விடும் மூச்சுக்கு முன்னால் அற்பம். காற்றுத் துவாரங்களை அடைக்காதவரை அச்சமில்லை. ஆனால் பீப்பாயின் மூடியில் செருகிய ஏர்லாக் இரவு முழுக்க ‘களக், களக்’ என்று கொப்பளிக்கும். கட்டிலுக்கும் பீப்பாய்க்கும் இடையே ஓரடி தூரமே உள்ள வீட்டில் இது இல்லறவியலுக்கு உரிய செய்தியாகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

இயல் 4: குலுக்கலியல்

வண்டி பிரேக் போட்டால் பீப்பாய்க்குள் திரவத்தின் மேற்பரப்பு சாயும். எவ்வளவு என்பதை வண்டியின் வேகக்குறைப்பைப் புவியீர்ப்பால் வகுத்தால் அறியலாம். சாதாரணமாக பிரேக் போடும்போது ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 3 மீட்டர் என்ற கணக்கில் வேகம் குறைகிறது என்று கொண்டால், சாய்வு 17 டிகிரி. 30 செ.மீ. விட்டமுள்ள பீப்பாயில் முன்விளிம்பில் திரவம் நாலரை செ.மீ. உயரும். 30 லிட்டர் பீப்பாயில் 23 லிட்டர் நிரப்பினால் மேலே 10 செ.மீ. வெற்றிடம் மிஞ்சும். எனவே கவலை இல்லை. கங்காரு குறுக்கே பாய்ந்தால் கதை வேறு. ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 6 மீட்டர் என்று குறைந்தால் சாய்வு 31 டிகிரி. ஏற்றம் 9 செ.மீ. மேலே நுரையும் நிற்கிறதென்றால், ஏர்லாக்கின் வழியே குளியலறைச் சுவரில் ஓர் ஓவியம் உருவாகும். குலுக்கலியலின் முதல் விதி இதிலிருந்து பிறக்கிறது: கங்காரு நடமாடும் அந்திப்பொழுதில் பீப்பாய் உள்ள வண்டி ஓடாது.

இரண்டாம் விதி காலத்தைப் பற்றியது. முதல் நாளில் ஈஸ்டுக்கு ஆக்சிஜன் தேவை, குலுக்கினால் மகிழும். நொதித்தல் முடிந்தபின் அதே ஆக்சிஜன் நஞ்சு. பீர் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவைக்கு மாறும். எனவே முதல் நாள் ஆட்டம் நன்று. கடைசி நாள் ஆட்டம் தீது. அனுபவசாலிகள் காலையில் ஈஸ்டைத் தூவி, மதியத்துக்குள் அடுத்த முகாமுக்கு ஓட்டி, அங்கே ஒரு வாரம் கால்நீட்டிவிடுவது இதனால்தான்.

மூன்றாம் விதி கசடு பற்றியது. பாட்டிலில் வாயு ஏறும்போது அடியில் ஈஸ்ட் படியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலையில், மண்ணில் வரிவரியாக மேடும் பள்ளமும் விழுந்திருக்கும். சுமார் 660 கிலோமீட்டர் அதில் ஓடினால் எந்தக் கசடும் அடியில் தங்காது. பீர் கலங்கிவிட்டதே என்று வருந்துவோர்க்கு ஒரு செய்தி: கூப்பர்ஸ் பேல் ஏலைக் குடிக்கும் ரசிகர்கள் பலர், ஊற்றுமுன் பாட்டிலை மேசையில் உருட்டி, கசடை வேண்டுமென்றே கலக்குவார்கள். அவர்கள் கையால் செய்வதைச் சாலை இலவசமாகச் செய்துதருகிறது. கலங்கல் குறையன்று; மரபு.

மாறாக, நல்லார்பார் சமவெளியில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் நேர்சாலை உண்டு. ஒரு வளைவும் இல்லை. தார்ச்சாலை. உலகில் பீரை ஓட்டிச் செல்ல இதைவிடத் தகுந்த பாதை அரிது. ஓட்டுநருக்குத் தூக்கம் வரும் என்பது ஈஸ்டின் கவலையன்று.

இயல் 5: வெப்பவியல்

ஏல் வகை ஈஸ்டுக்கு இதமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி. லாகர் வகைக்கு 9 முதல் 13. சிறு குளிர்பெட்டியை நம்பி வாழும் கேரவனில் லாகர் என்பது கனவு. ஆகையால் ஏலையே கொள்க.

இங்கேதான் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு கிடைத்தது. முடி நரைத்த கேரவன்வாசிகள் ஜூன், ஜூலைக் குளிருக்கு அஞ்சி வடக்கே போவார்கள். நவம்பர் வெக்கைக்கு அஞ்சித் தெற்கே திரும்புவார்கள். முழங்காலுக்கு இதமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். அந்த முழங்கால் கேட்கும் வெப்பமும் 18 முதல் 24 டிகிரிதான். முழங்காலும் ஈஸ்டும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பயணம் செய்கின்றன. பாலைவன நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவு உறைநிலையைத் தொட்டால், முழங்கால் பிடித்துக்கொள்ளும், ஈஸ்ட் உறங்கிவிடும். போர்வை ஒன்றே இருந்தால் யாருக்கு என்பதில் குடும்பந்தோறும் கொள்கை மாறுபடும்.

ஈஸ்டின் தலைநகரம் என்று ஓர் ஊரைச் சுட்டவேண்டுமானால் அது கூபர் பீடி. அடிலெய்டுக்கு வடக்கே 850 கிலோமீட்டரில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓபல் தோண்டும் ஊர். கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே மக்களில் பலர் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வாழ்கிறார்கள். அந்தக் குகைவீடுகளில் ஆண்டு முழுவதும் இருபதுகளின் முற்பகுதியிலேயே வெப்பம் நிற்கும். மனிதர்கள் தமக்காகக் குடைந்தோம் என்று நினைக்கிறார்கள். ஏல் ஈஸ்டின் அளவுகோலால் பார்த்தால் அது யாருக்காகக் குடைந்தது என்பது விளங்கும்.

குகை கிடைக்காதவர்களுக்கு ஈரத்துணி உண்டு. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கவயலில், சாக்குத்துணியை நனைத்துப் பெட்டியைச் சுற்றிலும் தொங்கவிட்டு இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் காத்தார்கள். ‘கூல்கார்டி சேஃப்’ என்று பெயர். அதே துணியைப் பீப்பாய்க்குச் சுற்றினால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 24 கிலோ எடையுள்ள பீரைப் பத்து டிகிரி குளிர்விக்க 1,000 கிலோஜூல் போதும். கணக்குப்படி அரை லிட்டருக்கும் குறைவான நீர். வறண்ட பாலைக்காற்றில் துணி பலிக்கும். புழுங்கும் டார்வின் கடற்கரையில் பலிக்காது.

ஜூலின் ஆவி மகிழும்படி ஒரு கணக்கு. வண்டி ஒருமுறை 5 செ.மீ. எகிறி விழுந்து, அந்த ஆற்றல் முழுவதும் பீருக்குள்ளேயே இறங்கினால், வெப்பம் 0.00012 டிகிரி உயரும். பத்தாயிரம் முறை எகிறினால் சுமார் 1.2 டிகிரி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் குளிரில் உறங்கிய ஈஸ்டை மோசமான சாலையில் ஓட்டிச் சூடாக்கலாம் என்பது இதன் பொருள். பரிந்துரைக்கவில்லை, பதிவு செய்கிறோம்.

இயல் 6: எடையியல்

கேரவனின் மொத்த எடைக்குச் சட்ட உச்சவரம்பு உண்டு. அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் அமர வேண்டும் என்பது பொதுவிதி. அச்சுக்கு வெகு பின்னால் பாரம் வைத்தால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும். சாலையை விட்டே இழுத்துவிடும். 24 கிலோ பீப்பாயை அச்சுக்கு நேர்மேலே வைப்பதே முறை. கேரவன் வடிவமைப்பாளர்கள் குளியலறையைப் பெரும்பாலும் பின்கோடியில் வைத்திருப்பது பீர் வடிப்பாளர்மேல் அவர்களுக்கு இருக்கும் காழ்ப்பையே காட்டுகிறது.

குடித்துவிட்டால் பாரம் குறையும் என்று சிலர் வாதிடுவர். ஆராய்க. மாலையில் பாட்டிலில் இருந்த எடை, இரவில் தம்பதியரின் உடலுக்கு மாறுகிறது. காலையில் அவர்கள் காரில் அமர்ந்தால் கேரவனின் எடை குறைந்து, காரின் எடை கூடுகிறது. காரும் கேரவனும் சேர்ந்த எடை மாறவில்லை. காலையில் புறப்படுமுன் அவர்கள் கேரவன் கழிவறைக்குப் போனால், எடை மீண்டும் கேரவனுக்கே, அதுவும் அச்சுக்குப் பின்னால் உள்ள கழிவுப் பெட்டிக்கே, திரும்புகிறது. இதனைப் பீரின் அழிவின்மை விதி என்று வழங்கலாம். வழக்கமான கழிவுப் பெட்டி சுமார் 20 லிட்டர் கொள்ளும். ஒரு முறை வடித்தால் 23 லிட்டர். வேறுபாட்டை ஆராயப் புதிய ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.

இயல் 7: சட்டமும் பொருளும்

1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் கஃப் விட்லமின் அரசுதான் வீட்டில் பீர் வடிப்பதற்கு இருந்த தடையை நீக்கியது. சொந்த உபயோகத்துக்கு வடித்தால் வரி இல்லை, விற்றால் குற்றம். வீடு நிற்கிறதா ஓடுகிறதா என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு உரிமம் வேண்டும், பீப்பாயோடு நிறுத்திக்கொள்க. ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 விழுக்காட்டைத் தொட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வடக்கே பழங்குடி மக்களின் ஊர்கள் பலவற்றில் மது கொண்டுபோகவே தடை. குயின்ஸ்லாந்தின் மதுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வீட்டு பீர் வடிக்கும் கருவி வைத்திருப்பதும் குற்றம். அந்த விதிகள் அம்மக்களின் நலனுக்கானவை. அங்கே விளையாட்டுக்கு இடமில்லை.

ஈஸ்டின் உண்மையான பகைவன் வேறு. நெடுஞ்சாலையோர இலவச ஓய்விடங்கள் பலவற்றில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று பலகை நிற்கும். ஈஸ்ட் கேட்பது ஏழு நாள். சாலைத்துறைக்கும் ஈஸ்டுக்கும் இடையே ஆறு நாள் வழக்கு. அதனால் வடிப்பவர் கட்டணம் செலுத்தும் கேரவன் பார்க்கை நாட வேண்டியிருக்கிறது.

இங்கே இரண்டாம் கருதுகோள் உறுதிப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் பீர் மீதான எக்சைஸ் வரி விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டது; வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஏறும். அந்த ஏற்றத்துக்கு எதிரான போராட்டமாகவே டின் வாங்குகிறோம் என்பார்கள். ஏழு இரவு பார்க் வாடகை, முப்பது பாட்டில் சுமக்கும் எரிபொருள், அவற்றைக் கழுவ வண்டித் தொட்டியிலிருந்து போன தண்ணீர் ஆகியவற்றைக் கூட்டினால், கடையில் வாங்கிய பீரே மலிவு. இந்தக் கூட்டலை எந்த வடிப்பாளரும் காகிதத்தில் போடுவதில்லை.

இயல் 8: தடையும் விடையும்

தடை: அழுத்தம் தாங்கும் உலோகக் கலனில் வடித்தால் ஓடும்போதே நொதிக்க வைக்கலாமே, நிற்க வேண்டியதில்லையே?
விடை: வைக்கலாம், செய்வாரும் உளர். ஆனால் அவர்களும் நிற்கிறார்கள். நிற்காமல் ஓடுவோர் சரக்கு லாரிக்காரர்கள். அவர்களுக்குப் பீர் வடிக்க நேரமில்லை.

தடை: அப்படியானால் ஊரில் வீட்டிலேயே இருந்து வடிக்கலாமே?
விடை: வீட்டில் இருந்தால் எதற்காக நிற்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கேரவனில் கேட்பார்கள். ‘ஏன் இன்னும் கிளம்பவில்லை?’ என்ற கேள்விக்கு, நாற்பது ஆண்டு வேலை பார்த்துச் சும்மா இருக்கப் பழகாத மனிதருக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. ‘பீப்பாய் இன்னும் கொப்பளிக்கிறது’ என்பது முழுமையான பதில், அறிவியல் பூர்வமானது, ஹைட்ரோமீட்டரால் நிறுவக்கூடியது.

முடிவுரை

முதல் கருதுகோள் நிறுவப்பட்டது: பயணத்தை நடத்துவது ஈஸ்ட். இரண்டாவதும் நிறுவப்பட்டது: மிச்சமாவது காசன்று, நாள்கள். மூன்றாவது கழிவுப் பெட்டி வரை நிறுவப்பட்டது. கேரவனில் வடித்த பீர் கடை பீரைவிடச் சுவையானதா என்ற வினாவுக்கு மட்டும் புறவயமான விடை கிடைக்கவில்லை. சுவைத்தவர் அனைவரும் வடித்தவரின் விருந்தினராக அமைந்ததே காரணம்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அனுமதியின்றி மது வடிப்பது, நிற்கும் வீட்டிலும் குற்றம், ஓடும் வீட்டிலும் குற்றம். ஆகவே இந்த ஆய்வைப் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓரிடத்தில் சும்மா இருக்க ஆசைப்பட்டால், காரணம் தேடாமல் இருங்கள்.